கருப்பனுக்கு யார் சொந்தக்காரர்?

2015 செப்டம்பர் மாதம். காலை நிகழ்ச்சியில் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா அழைத்தார். விருப்பப் பாடல் கேட்பார் என்று நினைத்து வழக்கம்போல் உற்சாகமாக வணக்கம் சொன்னேன்.

"தங்கச்சி, என் மகன் கால்ல ஒரு நாய்க்குட்டி பல்லு பட்டிருச்சு. மூணு நாளாச்சு. மஞ்சள் பத்துப் போட்டிருக்கேன். ரேடியோவுல ஏதோ நோய்னு சொல்றீங்களே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

அந்த வாரம் முழுக்க ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய் பற்றிய அறிவிப்பைத் தினமும் நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். உச்சரிப்பில் ஒரு பிசகு இருக்காது. ஆனால் அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "லைன்லயே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். அது ஓடி முடிவதற்குள் தெரிந்த டாக்டர் ஒருவருக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்னது இதுதான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மூன்று நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. அறிகுறி தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டால் காப்பாற்றலாம். தெரிந்த பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அநேகமாகப் பயனில்லை.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளிக்கு அதே அக்கா மீண்டும் அழைத்தார், இந்த முறை பாட்டுக் கேட்க!

அந்த ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களிலும் நாய்களுக்கு ரேபிஸ் இருப்பது உறுதியானது. மலேசியா ரேபிஸ் இல்லாத நாடு என்று பெயரெடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1950களிலிருந்தே தாய்லாந்து எல்லையோரத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, வயலுக்கு வேலி கட்டுவதுபோல் ஒரு வேலி வைத்திருந்தார்கள். நோய் அதைத் தாண்டி எங்கள் தீவு வரை வந்துவிட்டது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. பிராணி நல அமைப்புகள் கொதித்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் பலர், வேறு வழியில்லை என்றார்கள். இரு தரப்பும் என் நிகழ்ச்சிக்கு அழைத்துத் திட்டினார்கள். இரு தரப்பின் பயமும் எனக்குப் புரிந்தது.

ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே கருப்பன் இருந்தான். ஜாகா அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் படுத்திருப்பான். அம்மா தினமும் இரவு மிச்சச் சோற்றில் மீன் தலையைப் பிசைந்து வைப்பார். மூன்றாம் மாடிச் சீனப் பாட்டி பிஸ்கட் போடுவார். ஃப்ளாட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை என்பதால், எல்லாரும் சோறு போட்டோம், யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. ஆறு வருடத்தில் ஒரு முறைகூட அவனுக்கு ஊசி போடவில்லை. ரேடியோவில் 'உங்கள் நாய்களுக்கு' என்று வாசித்தபோதெல்லாம் எனக்குக் கருப்பன் நினைவு வரவே இல்லை. அம்மாதான் கேட்டார்: "ஏம்மா, கருப்பன் நம்ம நாய்னு சொல்லலாமா?"

பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் பார்த்தேன். ஒருநாள் காலை நாற்காலிக்குப் பக்கத்தில் அவன் இல்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஜாகா அண்ணனுக்கும் தெரியவில்லை. அம்மா அந்தத் தட்டைக் கழுவி மாடிக்குக் கொண்டுவந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு வட்டாரத்தில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியில்லாமல் நின்றுவிடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாய்களைக் கொல்வதால் மட்டும் அது நிற்பதில்லை. காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடும். அவற்றுக்கு ஊசி போட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட தெருநாய் என்பது, சம்பளம் வாங்காத இன்னொரு ஜாகா.

ஊடகப் படிப்பில் எங்களுக்கு நிப்பா ஒரு பாடமாகவே இருந்தது. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சல் கண்டு விழுந்தபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள். அதற்குள் பன்றிகள் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டன. புதிய கிருமி என்று தெரிந்தது 1999 மார்ச்சில். 265 பேரைத் தாக்கி, 105 பேரின் உயிரைக் குடித்தது அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். அந்தப் பன்றிகளின் இருமலுக்கே 'ஒரு மைல் இருமல்' என்று பெயர், அவ்வளவு தூரம் கேட்குமாம். விரிவுரையாளர் இதைச் சொன்னபோது பரீட்சைக்காகக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குக் கீழே படுத்திருந்த கருப்பனோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

2017இல் ரேபிஸ் சரவாக்கிலும் தலைகாட்டியது. இன்றுவரை அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார்.

போன வருடம் ஜாகா அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு செம்பட்டைக் குட்டி வந்து படுத்தது. இந்த முறை அம்மா யாரையும் கேட்கவில்லை. பசார் கூடையில் துண்டை விரித்து, குட்டியை அதில் வைத்து, ஜாகா அண்ணனையும் கூட்டிக்கொண்டு கால்நடை கிளினிக்குக்குப் போய்விட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது தடுப்பூசி அட்டை மேசைமேல் இருந்தது. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

"நிர்வாகத்துல கேட்டா என்னம்மா சொல்றது?" என்றேன்.

"கேக்கட்டும்" என்றார்.

இன்னும் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஊசி வரும் மார்ச்சில்.