இல்லை என்று சொன்ன பெயர்



போன மாதம் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர் சந்திப்புக்காக, என் பழைய நோட்டுகளைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் கணினியில் நானே அடித்து வைத்திருந்தேன். ஒருநாள் போன் வந்தது. "சார், நான் கௌரி. ஐந்தாம் வகுப்பு உங்களிடம்தான் படித்தேன்" என்றாள். பெயரைத் தேடும் கட்டத்தில் அடித்துப் பார்த்தேன். வரவில்லை. "உன் பெயர் இல்லையேம்மா, வேறு பிரிவாக இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். இருந்தாள்! கண்ணுக்கு அதே பெயர்தான். கணினிக்கு மட்டும் வேறு பெயர்.

காரணம் இதுதான். கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் உண்டு. க என்றால் 2965. ஔகாரக் குறி 3020. 'கௌ' என்பது இந்த இரண்டு எண்கள்தான். நான் அடித்திருந்தது க, அதற்கு எகரக் கொம்பு (3014), பிறகு ள (2995) என மூன்று எண்கள். அது 'கெளரி'. ள-வைப் போலத் தெரியும் அந்த வலப்பக்கத் துண்டுக்கும் தனியாக 3031 என்ற எண் இருக்கிறது. பார்வைக்கு ள, ஆனால் ள அல்ல.

உயிரெழுத்திலும் இதே கதை. ஔ என்பது 2964, ஒரே எழுத்து. ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டால் அது இரண்டு எழுத்து. நம் பக்கத்துத் துளசியாப்பட்டினத்தில் ஔவையாருக்குக் கோயிலே இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் வாழ்த்துகளில் பாதி 'ஒளவையார்'. அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால், ஓகாரச் சொற்களுக்கெல்லாம் பின்னால் வரவேண்டிய பாட்டி, ஒகர வரிசைக்குள் போய் நின்றுவிடுகிறார்.

இதில் என் பங்கும் உண்டு. "ஒ போட்டுப் பக்கத்தில் ள போடு" என்றுதான் கரும்பலகையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பழைய தட்டச்சுப் பொறியிலும் அப்படித்தான் அடித்தோம். தாளில் அதனால் கெடுதல் இல்லை. படிக்கிறவர் மனிதர், புரிந்துகொள்வார். இப்போது பெயரைத் தேடுவது இயந்திரம். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பத்திரம் என்று எல்லாமே கணினிக்குள் போய்விட்டது. ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் ஏறினால், "இல்லை" என்று பதில் வரலாம். என்னிடமிருந்தே வந்துவிட்டதே.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 'கௌ' என்று அடித்து, அழிக்கும் விசையை ஒரு தடவை தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் தப்பு. தமிழ்99 விசைப்பலகையில் க, அடுத்து ஔ அடித்தால் போதும். செல்போனில் குறிகளின் வரிசையில் ஔகாரக் குறி தனியாக இருக்கும், அதைத் தொடுங்கள். கௌசல்யா, சௌந்தரம், மௌனிகா, பௌர்ணமி என்று வீட்டில் பெயர் இருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பதிவு செய்யும்போதும் கவனியுங்கள்.

மறுநாள் காலையில் கௌரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா, நீ இருக்கிறாய். எழுத்தை நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன்" என்றேன். "சார், எனக்கு ஔ தப்பாக எழுதியதற்கு நீங்கள் பத்துத் தடவை எழுதச் சொன்னீர்கள்" என்று சிரித்தாள்.

நானும் உட்கார்ந்து பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன்.

அன்புடன்,
உங்கள் சார்,
வேதாரண்யம்.