எண்ணாமற் சொன்ன எண்

கலைப்பீட மாணவர் ஒருவர் கணினியின் முறைவழியாக்கியைப் பற்றி எழுதப் புகுவது வாசகருக்கு வியப்பளிக்கலாம். கடந்த விடுமுறையிற் கல்முனையில், என் பெரியவாப்பாவின் மகனோடு பல இரவுகள் கண்விழித்ததன் பயனே இக்கட்டுரை. 'முறைவழியாக்கி' என்பது நம் பாடநூற் சொல். தமிழகத்தார் 'செயலி' என்பர். அச்சொல்லோ இன்று கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளையும் குறித்து நிற்கிறது. ஒரே பெயர் இரு பொருளுக்கு வழங்கினால் விளையும் இடரை அவ்விரவுகளில் வேறொரு வடிவிற் கண்டேன்.

இக்கால முறைவழியாக்கிகளினுள்ளே சில எண்ணிகள் பொதிந்துள்ளன. கடிகாரத் துடிப்புகள் எத்தனை, நிறைவேறிய கட்டளைகள் எத்தனை, பதுக்கு நினைவகத்தில் தேடிய தரவு கிட்டாது போனமை எத்தனை முறை என்றெல்லாம் அவை ஓசையின்றி எண்ணும். ஒரு நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதை ஊகத்தால் அன்றிச் சான்றால் அறிய விழைவோர்க்கு இவை பெருந்துணை. ஆயின், எதை எண்ணவேண்டும் என்று எண்ணியைப் பணிக்கும் குறியீடு எங்கும் ஒன்றன்று. துடிப்பை எண்ணுவதற்கு இன்டெலில் 60, ஏஎம்டியில் 118, ஆர்மில் 17 என எழுதவேண்டும் (பதின்மக் கணக்கிற் கூறுகிறேன்). இவ்வேற்றுமைகளைத் தம்முள் மறைத்துக்கொண்டு, பயன்படுத்துவோர்க்குப் பொதுப்பெயர் ஒன்றை வழங்குவனவே திறந்த மூல அளவீட்டு நூலகங்கள். அமெரிக்காவின் டெனசி பல்கலைக்கழகத்திற் பிறந்த பாப்பியும் ஜெர்மனியின் எர்லாங்கனில் உருவான லைக்விட்டும் இவற்றுட் பெயர்பெற்றவை. புதிய முறைவழியாக்கி வருந்தோறும் யாரேனும் ஒருவர் அதன் கைநூலைப் படித்து, அதன் அடையாளத்தை நூலகத்துக்கு அறிவித்து, நிகழ்வு அட்டவணையை நிரப்பி, சோதனைகளும் எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

காக்கா அப்பணியை ஊதியமின்றி ஏற்றிருந்தார். அவர் கையிலிருந்தது ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிறு பலகை. 2010இல் பேர்க்லியிற் தொடங்கிய இக்கட்டளைத்தொகுதி எவரும் உரிமக் கட்டணமின்றிக் கையாளத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' முறைவழியாக்கிகளும் இவ்வகையினவே. இதில் துடிப்புக்கும் நிறைவேறிய கட்டளைக்கும் உரிய எண்ணிகள் வரையறுக்கப்பட்டவை. மேலும் 29 எண்ணிகளுக்கு இடமுண்டு. அவை எதை எண்ணும் என்பது ஆக்குவோர் விருப்பம். எனவே கைநூலே கதி. ஆங்கிலக் கைநூலின் வாக்கியங்களைப் பொருள்பிரித்துத் தருவதே எனக்கு வாய்த்த வேலை. உரையாசிரியர்களோடு மூன்றாண்டு மல்லுக்கட்டிய பழக்கம் அங்கே கைகொடுத்தது.

அட்டவணையில் ஒரு வரி மட்டும் அடங்க மறுத்தது. 'தரவுப் பதுக்கு தவறல்' என்று கைநூல் ஒரே தொடரிற் கூறியது. நிரல் கேட்டுக் கிட்டாதவற்றை மட்டுமா, வன்பொருள் தானே முன்கூட்டிக் கொணர்வனவற்றையும் சேர்த்தா என்று அது கூறவில்லை. 64 மெகாபைட் இடத்தை, 64 பைட்டுக்கு ஒரு முறையாக, ஒழுங்கு குலைத்துப் படிக்கும் சிறு நிரலொன்றைக் காக்கா எழுதினார். ஏறத்தாழ 10,48,576 தவறல்கள் வரவேண்டும். வந்ததோ எங்கள் இரு விளக்கங்களுக்கும் பொருந்தாத எண். மறுமுறையும் அவ்வாறே.

"முந்திய மொடலின் குறியீட்டையே எழுதிவிடலாம். அதே கம்பனி, அதே குடும்பம்" என்றார் காக்கா. களைத்துப்போயிருந்தார்.

எனக்கு மருதமுனைத் தறிக்கொட்டில் நினைவுக்கு வந்தது. பத்து வயதில், மூத்தாப்பா தந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஒருநாள் முதற் துண்டை எண்ணிவிட்டு, மற்ற நான்குக்கும் அதே எண்ணைச் சொன்னேன். எல்லாம் ஒரே தறியில் நெய்தவைதாமே! மூத்தாப்பா ஒன்றைப் பிரித்து என் முன் வைத்தார். மூன்று இழை குறைவு. "தறி அதுதான் புள்ள, நெய்த ஆள் வேற" என்றதோடு சரி. அன்று மாலை ஐந்தையும் மீண்டும் எண்ணினேன். இதைக் காக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு அவர் எனக்கு ஒரு வரலாறு சொன்னார். இன்டெல் 2011இல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ், தசமப் புள்ளிக் கணக்குகளை மிகையாக எண்ணியது. தரவு வந்து சேராதபோது ஒரே கட்டளை மறுபடி அனுப்பப்பட, ஒவ்வொரு முறையும் அது எண்ணிக்கையில் ஏறியது. 2013இல் வந்த ஹாஸ்வெல்லில் அத்தகைய எண்ணியே இல்லை. பாப்பி நூலகம் அங்கே அப்பெயரை வழங்காது 'கிடையாது' என்றே விடையளித்தது. தம் நிரல் நொடிக்கு எத்தனை கணக்குச் செய்கிறது எனக் காட்டவேண்டிய ஆய்வாளர்க்கு அவ்விடை கசந்திருக்கும். பொய்யெண்ணை நம்பி ஆய்வேடு எழுதியிருந்தால் இன்னும் கசந்திருக்கும்.

விடியுமுன் மின்சாரம் போயிற்று. மடிகணினியின் மின்கலத்தில் எஞ்சிய சிறிது நேரத்தில் காக்கா அவ்வரியை நீக்கினார். எங்கள் சோதனை நிரலையும் அது தந்த எண்களையும் இணைத்து, இந்நிகழ்வின் பொருள் எமக்குத் தெளிவாகவில்லை என்று இரண்டு வாக்கியக் குறிப்பும் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆங்கிலத்தில் நான் இதுவரை எழுதியவற்றுள் அதிக நேரம் எடுத்தவை அவ்விரு வாக்கியங்களே. சுபஹுத் தொழுகைக்கு அழைப்பு எழுந்தபோது காக்கா கணினியை மூடினார்.