பனிப்பாறைப் பட்டினத்து வண்டிநாய்கள்

கிறீன்லாந்தின் மேற்குக் கரையில், வடதுருவ வட்டத்துக்கும் அப்பால், இலுலிசாட் என்றொரு பட்டினம் உண்டு. அந்நாட்டு மொழியில் அப்பெயருக்குப் பனிப்பாறைகள் என்பதே பொருள். 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்ட பனிக்குடா ஊரின் தென்புறத்திலே கிடக்கின்றது. பெருமாளிகைகளை ஒத்த பனிமலைகள் அதன் வாயிலிலே மிதக்கும். செல்வோர் யாவரும் அவற்றைக் காணவே செல்கின்றனர். நாம் சொல்ல வந்ததோ ஊரெல்லையிற் சங்கிலியோடு கிடக்கும் நாய்களைப் பற்றி.

கண்ணாற் காணுமுன் அவற்றைக் காதாற் கேட்கலாம். ஒரு நாய் மெல்ல ஊளையிடத் தொடங்கும். அடுத்தது அதனை ஏற்கும். சிறிது நேரத்தில் மலைச்சரிவு முழுவதும் ஒரே குரலாகிவிடும். புதியவருக்கு நெஞ்சு நடுங்கும்; ஊரார் திரும்பியும் பாரார்.

கிறீன்லாந்து நாய் வீட்டுக்குள் வளரும் பிராணியன்று. அகன்ற மார்பும் இரட்டை அடுக்கு உரோமமும் உடைய இந்நாய், 30 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடன், வாலால் மூக்கை மூடிச் சுருண்டு உறைபனியிலேயே உறங்கும். குட்டிகள் மட்டும் சில மாதங்கள் தெருவெங்கும் சுதந்திரமாக ஓடித் திரியலாம். அப்பருவம் கடந்ததும் கழுத்தில் சங்கிலி ஏறிவிடும். பசித்த பெருநாய்க் கூட்டத்தினிடையே தடுக்கி விழும் குழந்தைக்கு நேரக்கூடியதை அறிந்தோர் வகுத்த விதி இது. எனவேதான், கட்டப்பட்ட நாயைத் தடவிப் பார்க்க நெருங்கும் பயணிகளை ஊரார் கண்டிக்கின்றனர். அதில் தவறில்லை.

வட்டத்துக்கு வடக்கேயுள்ள மேற்குப் பகுதியிலும் கிழக்குக் கிறீன்லாந்திலும் வேறு எவ்வின நாயையும் வைத்திருக்கச் சட்டம் இடந்தருவதில்லை. அங்கிருந்து வெளியே கொண்டுபோன நாய் மீண்டும் உள்ளே வரவும் இயலாது. இனக் கலப்பையும் தொற்றுநோயையும் தடுப்பதே நோக்கம். துருவ நரிகளிடத்தில் விசர்நோய் உண்டாதலின் தடுப்பூசியும் இன்றியமையாதது.

பராமரிப்பின் பெரும்பகுதி உணவு தேடுவதே. ஹலிபட் மீனும் சீல் என்னும் கடல்விலங்கின் இறைச்சியும் இவற்றின் ஆகாரம். உழைக்கும் காலத்தில் நாள்தோறும் நிறையக் கொடுக்கவேண்டும். வேலையில்லாக் கோடையிற் குறைத்துக் கொடுப்பர். குளிர்காலத்தில் பனியைத் தின்றே தாகம் தீர்ப்பவை, கோடையில் மனிதன் சுமந்து செல்லும் நீரை எதிர்பார்த்திருக்கும்.

கடற்பனியின்மேல் இவற்றை விசிறிபோலப் பூட்டுவர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கயிறு. வெடிப்பில் ஒரு நாய் வீழ்ந்தாலும் மற்றவற்றை இழுத்துச் செல்லாது. ஆனால் ஓட்டத்தில் நாய்கள் இடம் மாறி மாறிக் கயிறுகளைப் பின்னிவிடும். வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, விறைக்கும் விரல்களால் அச்சிக்கலை அவிழ்ப்பது ஓட்டுபவனின் தலைவிதி! நீண்ட சவுக்கோ பெரும்பாலும் நாயின்மேல் விழுவதில்லை. அதன் பக்கத்தே விழுந்து திசை காட்டுகின்றது. இன்னுமொன்று: கூட்டத்தை அடக்கியாளும் நாயும் வண்டிக்கு வழிகாட்டும் நாயும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வலிமை வேறு, விவேகம் வேறு என்பதை ஓட்டுபவன் நன்கறிவான்.

1879இல் இவ்வூரிற் பிறந்த நுட் ராஸ்முசன், 1921 முதல் 1924 வரை நடைபெற்ற தம் பெரும் ஆய்வுப் பயணத்தின்போது, ஹட்சன் குடாப் பகுதியிலிருந்து அலாஸ்கா வரை நாய்வண்டியிலேயே சென்றார். அவர் பிறந்த இல்லம் நூதனசாலையாயிற்று.

அன்று நாயில்லாமல் வேட்டையில்லை, மீன்பிடியில்லை. இன்றோ இயந்திரச் சறுக்குவண்டி வந்துவிட்டது. அது ஓடாத நாளில் உணவு கேட்பதில்லை. அதனினும் பெரிய இடர் கடலிலிருந்து வருகின்றது. முன்போல உறுதியாகக் கடல் உறைவதில்லை. உறைந்தாலும் விரைவிற் கரைந்துவிடுகின்றது. 2019 யூன் மாதத்தில் வடமேற்குக் கிறீன்லாந்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகெங்கும் பரவியது. உருகிய நீர் பனித்தளத்தின்மேல் தேங்கிநிற்க, அதிலே நாய்கள் வண்டியை இழுத்துச் செல்லும் காட்சி அது. நாய்கள் கடல்மேல் நடப்பதாகவே தோன்றும்.

2002இல் சுமார் 25,000 ஆக இருந்த இந்நாய்களின் தொகை 2020இல் சுமார் 13,000 ஆகக் குறைந்தது. காரணம் கணக்குப் பார்த்தால் விளங்கும். சில வாரச் சவாரிக்காக ஒரு கூட்டம் நாய்களுக்கு ஆண்டு முழுவதும் மீன் தேடுவது எளிதா? பயணிகளை ஏற்றிச் சென்று பெறும் கூலியால் சிலர் சமாளிக்கின்றனர். வேறு சிலர் நாய்களைக் கைவிட்டு இயந்திரத்துக்கு மாறிவிட்டனர்.

கைவிடாதோரும் உளர். அந்தி மறையாத கோடை மாலைகளில், பயனேதும் தராத அந்நாட்களிலும், மீன்வாளியைச் சுமந்து சரிவேறி வருகின்றனர். அவர்களின் காலடி ஓசை கேட்டதும் சங்கிலிகள் கலகலக்க நாய்கள் எழுந்து நிற்கின்றன. முதல் ஊளை தொடங்குகின்றது.