எட்டு லட்டும் எம் நாணமும்

குழந்தைப் பாடல்களை ஆய்வு செய்ய விரும்புவதாக எம் மாணவர் ஒருவர் சொன்னபோது யாம் நகைத்தோம். "காப்பியங்கள் காத்திருக்க, கைதட்டிப் பாடும் பாட்டா?" என்றோம். அவர் தலைகுனிந்து சென்றார். அந்த நகைப்புக்கு மரக்காணத்து உப்பளக் கரையில் விடை கிடைத்தது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக அங்குச் சென்றிருந்தோம். விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் எளிய மக்களின் பிள்ளைகள் மாலையில் எம்முன் வந்து அமர்ந்தனர். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் அவர்தம் ஊரே என்பர் அறிஞர். அதனைச் சொல்லி, நல்லியக்கோடனின் கொடைச் சிறப்பை விரித்துரைத்தோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டனர். சிலர் எழுந்தும் போயினர்.

அப்போது அதே மாணவர் எழுந்து, அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாடலைப் பாடினார். தட்டிலுள்ள எட்டு லட்டுகளை அண்ணனும் தங்கையும் நான்கு நான்காக உண்டு தீர்க்கும் சிறு பாடல் அது. போனவர்கள் திரும்பி வந்தனர். மறுமுறை பிள்ளைகளே பாடினர். ஒரு சிறுமி எட்டுக் கிளிஞ்சல்களை மணலில் பரப்பி, தம்பிக்கு நான்கு, தனக்கு நான்கு எனப் பங்கிட்டாள். "ரெண்டு பேருக்கும் சமம், சார்" என்றாள். எம் நீண்ட உரை தராத கணக்கையும் நீதியையும் அச்சிறு பாடல் தந்துவிட்டது.

வள்ளியப்பா 1922 நவம்பர் 7ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. 1940இல் வை. கோவிந்தனின் 'சக்தி' அலுவலகத்தில் சேர்ந்தார், அங்குத் தி.ஜ.ர. அவரை எழுதத் தூண்டினார். அடுத்த ஆண்டு இந்தியன் வங்கிப் பணி. பகலில் வங்கிக் கணக்கு, எஞ்சிய பொழுதில் பிள்ளைகளுக்கான பாட்டு. 1944இல் 23 பாடல்களுடன் 'மலரும் உள்ளம்' வெளிவந்தது. தாம் ஒருவர் எழுதினால் போதாதெனக் கருதி, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். ஓய்வுக்குப் பின்னும் 'கோகுலம்' இதழின் ஆசிரியராயிருந்தார். 1989 மார்ச் 16ஆம் நாள் மறையும்வரை அவர் சிறுவர்க்கான எழுத்தைக் கைவிடவில்லை.

கல்லூரி காணாத அவர் பாட்டை, கல்லூரியில் கற்பிக்கும் யாம் இகழ்ந்தோம். முகாமிலிருந்து திரும்பியதும் அம்மாணவரை அழைத்து வருத்தம் தெரிவித்தோம்; அவர் கேட்ட தலைப்பிலேயே ஆய்வைத் தொடங்கச் சொன்னோம்.

மாணவச் செல்வங்களே! சங்கப் பாட்டைக் கற்க வரும் எவரும் முதலில் ஒரு சிறுவர் பாட்டைப் பாடியே தமிழுக்குள் வந்திருப்பர். அந்த வாயிலை அமைத்தவர்களையும் நம் துறை படிக்கட்டும்.