அம்மிச்சியின் மாத்திரை டப்பா

“பாப்பா என்ன படிக்குதுங்க?” என்று யாராவது கேட்டால், அப்பா ஒரு நொடி தயங்குவார். பிறகு, “டிசைன் படிக்குதுங்க” என்பார். அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “ஓ… புடவை டிசைனுங்களா?”

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்த மகள் பட்டறையைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தார். நானோ வடக்கே ஒரு கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் டிசைன் முதுநிலைப் படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சொந்தக்காரர்களிடம் விளக்க எனக்கு இருந்த ஒரே துருப்புச்சீட்டு ரூபாய் சின்னம். 2010-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அந்தச் சின்னத்தை வரைந்த உதயகுமார் நம் தமிழ்நாட்டுக்காரர், மும்பை ஐ.ஐ.டி-யின் டிசைன் துறையில் படித்தவர் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். “அப்ப நீயும் சின்னம் வரைவியா?” என்பார்கள்.

நான் படித்தது வேறு. குக்கரின் கைப்பிடி எப்படி இருந்தால் கை சுடாது என்று யோசிப்பது பொருள் வடிவமைப்பு. ஆஸ்பத்திரிக்குள் நுழையும் ஒருவர் மருந்தோடு வெளியே வருவதற்குள் எத்தனை இடத்தில் நிற்கிறார், எங்கே குழம்புகிறார் என்று பார்த்து, அதைச் சரிசெய்வது சேவை வடிவமைப்பு. படிப்பை முடிக்கும்போது இரண்டிலும் ஒவ்வொரு ப்ராஜெக்ட் செய்து நடுவர்கள் முன்னால் விளக்க வேண்டும். வேலை கொடுக்கும் நிறுவனங்களில் இருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். 20 நிமிடம்தான். இரண்டு வருடப் படிப்பும், அப்பா வாங்கிய கடனும் அந்த 20 நிமிடத்தில் இருந்தன.

என் ப்ராஜெக்ட் இரண்டுமே அம்மிச்சியிடம் இருந்து தொடங்கியவை. கொங்குப் பக்கம் அம்மாவின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கோபி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி மூன்றும் உண்டு. நான் முதலாம் ஆண்டு முடித்த சமயம், ஒரு நாள் காலையில் புழக்கடையில் தலைசுற்றி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

“வயசாயிடுச்சு, மாத்திரையை மறந்திருப்பாங்க” என்றார்கள் எல்லோரும். நானும் அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் என் பொருள் வடிவமைப்பு ப்ராஜெக்ட் பிறந்தது. மாத்திரை டப்பா.

வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை. மொத்தம் 28 அறைகள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் மூடி திறக்கும். எட்டு மாதிரிகள் செய்தேன். கீல் உடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அப்பாதான் பட்டறையில் பித்தளைக் கம்பியில் ஒரு ஊசி கடைந்து கொடுத்தார். அழகான டப்பா. கல்லூரியில் எல்லோருக்கும் பிடித்தது.

விடுமுறையில் அதை ஊருக்கு எடுத்துப்போய், அம்மிச்சி வைத்திருந்த அட்டைகளில் இருந்து மாத்திரைகளைப் பிரித்து 28 அறைகளையும் நானே நிரப்பினேன். நிரப்பிய டப்பாவை அம்மிச்சியின் கையில் கொடுத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். டப்பா பரண்மேல் இருந்தது.

“அதெல்லாம் எனக்கு ஒத்து வராது கண்ணு” என்றார் அம்மிச்சி. ஏன் என்று கேட்டதற்கு ஒவ்வொன்றாக வந்தது. வாரா வாரம் யார் பிரித்து நிரப்புவது? நிரப்பும் கையில்தானே கட்டுப் போட்டிருக்கிறது? கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போனால் சுருக்குப்பைக்குள் அது நுழையுமா? எல்லாவற்றையும்விட, டாக்டரிடம் போனபோது “என்ன மாத்திரை சாப்பிடறீங்க, காட்டுங்க” என்று கேட்டிருக்கிறார். அட்டை இல்லாத வெறும் மாத்திரைகளைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு வாங்கியது அம்மிச்சி.

“சரி, அப்ப எப்படி மறக்காம சாப்பிடுவீங்க?”

“மறந்தாத்தான?” என்று சமையலறைக்குக் கூட்டிப்போனார். காபிப்பொடி டப்பாவின் மேல் காலை மாத்திரை. சோற்றுக் குண்டான் பக்கத்தில் மத்தியான மாத்திரை. சாமி படத்துக்குக் கீழே, விபூதித் தட்டு பக்கத்தில் ராத்திரி மாத்திரை. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. காபி போடாமல் அவருக்குக் காலை இல்லை. விபூதி பூசாமல் ராத்திரி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மிச்சி, என்னைவிட நல்ல டிசைன் ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தார். நான்தான் பார்க்கவே இல்லை.

மறதி அவர் பிரச்னையே இல்லை என்றால், தலைசுற்றல் ஏன்? மூன்று இடத்து மாத்திரைகளையும் ஒரு முறத்தில் கொட்டினேன். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைப் படித்தேன். ஓர் அட்டையில் அம்லோடிபின். இன்னோர் அட்டையிலும் அம்லோடிபின். ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது, மற்றது தனியார் டாக்டர் எழுதித் தந்து கடையில் வாங்கியது. நிறம் வேறு, அட்டை வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து. அம்மிச்சி ஒரு வேளைகூட மறக்காமல் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார்.

எனக்கு வியர்த்துவிட்டது. காரணம், அந்த இரண்டு மாத்திரைகளையும் போன மாதம் பிரித்து, ஒரே அறைக்குள் போட்டது நான். ஏழு நாளுக்கும். அதைத்தான் போட்டோவும் எடுத்தேன்.

அன்றே அத்தனை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தோம். ஒன்றை நிறுத்தினார். அந்த ரத்த அழுத்தத்தோடு இவ்வளவு நாள் நடமாடியதே பெரிது என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் சொன்னது இன்னும் மறக்கவில்லை. “டிராயிங் தப்பா இருந்தா, ஜாப்பை எவ்வளவு சுத்தமா கடைஞ்சாலும் ஸ்கிராப்தான் பாப்பா.”

இரண்டாவது ப்ராஜெக்ட்டுக்கு நான் ஒன்றும் வரையவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, மருந்து கொடுக்கும் இடத்தில் ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்பில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே மருந்தாளுநர் சொல்வதைக் கேட்கக் குனிய வேண்டும். பின்னால் வரிசை நெருக்கும். கவரில் 1-0-1 என்று எழுதித் தருவார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று அர்த்தம். ஒரு பெரியவர் அதை நூற்றியொன்று என்று படித்துவிட்டு என்னிடம் விவரம் கேட்டார். பலபேர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாசலில் பூ விற்கும் அக்காவிடம் கவரை நீட்டினார்கள். அவர் பூ கட்டிக்கொண்டே, “இது காத்தால, இது ராத்திரிக்கு” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியின் மருந்து ஆலோசகர், சம்பளமே வாங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில்தான் டெபோரா ஆட்லர் பற்றிப் படித்தேன். அவரும் என்னைப்போல மாணவிதான், நியூயார்க்கில். அவருடைய பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். அதனால் மருந்து பாட்டிலையே படிப்பின் ப்ராஜெக்ட்டாக எடுத்து, மருந்தின் பெயர் பளிச்சென்று தெரியும்படி லேபிளை மாற்றினார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம். 2005-ல் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர் அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் அந்த பாட்டில் இடம்பெற்றது. ஆனால் 2015-ல் டார்கெட் தன் மருந்துக் கடைகளை வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. பாட்டிலும் காணாமல் போனது. பழகியவர்கள் வருத்தப்பட்டுக் குறை சொன்னார்கள். நல்ல பொருளாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும் என்று அதைப் படித்தபோது புரிந்தது. அங்கே மருந்துக் கடையில் மாத்திரையை எண்ணி பாட்டிலில் போட்டுத் தருகிறார்கள். நம் ஊரில் அட்டை. அந்த பாட்டிலை இங்கே கொண்டுவந்தால் அதுவும் பரணுக்குத்தான் போகும்.

நான் செய்தது ஒரு காகிதக் கவர். முதலில் உதிக்கிற சூரியன், மறைகிற சூரியன் என்று படம் போட்டேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று பூக்கார அக்கா சிரித்துவிட்டார். பிறகு காபி டம்ளர், சோற்றுத் தட்டு, நிலா. எல்லாம் அம்மிச்சி வீட்டுச் சமையலறையில் இருந்து எடுத்தது. மேலே பெரிதாக, அது எதற்கான மருந்து என்ற படமும் மருந்தின் பெயரும். கவரைவிட முக்கியம், அதைக் கொடுக்கும்போது கேட்கும் இரண்டு கேள்விகள். “வீட்டுல வேற மாத்திரை இருக்குங்களா, அட்டையைக் கொண்டு வந்தீங்களா?” என்பது ஒன்று. “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்க” என்பது மற்றொன்று. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எங்கே தவறு என்று தெரியும்.

மருந்தாளுநர் நேராகவே கேட்டார். “ஆளுக்கு அரை நிமிஷம் கூடினா வரிசை கேட்டு வரைக்கும் போயிடும்மா. யார் பதில் சொல்றது?” நியாயமான கேள்வி. கூட்டம் குறைந்த மதிய வேளையில் பக்கத்தில் ஒரு பெஞ்ச் போட்டுச் செய்து பார்த்தோம், நடந்தது. காலைக் கூட்டத்தில் நடக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. “டப்பாவை மட்டும் காட்டு. கவரைத் தனி ப்ராஜெக்ட்டா சொல்லு. அந்த டபுள் டோஸ் கதை எதுக்கு? கம்பெனிக்காரங்க இருப்பாங்க” என்று தோழிகள் சொன்னார்கள். ராத்திரி முழுக்க அந்த போட்டோவை எடுப்பதும் சேர்ப்பதுமாக இருந்தேன். கடைசிவரிசையில் அப்பா, அம்மா. அப்பா வெள்ளை வேட்டி சட்டை.

போட்டோவை முதலிலேயே காட்டினேன். “இந்த டப்பாவில், ஒரே மருந்தின் இரண்டு மாத்திரைகள் ஒவ்வொரு காலை அறையிலும் இருக்கின்றன. போட்டது நான்” என்று தொடங்கினேன். அறை அமைதியானது. முடித்ததும் ஒரு நடுவர் கேட்டார். “தோற்றுப்போன பொருளை எதற்கு எங்களிடம் காட்டுகிறீர்கள்?” அப்பா சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். லேத் பட்டறை வைத்திருக்கும் என் அப்பா சொன்னது என்றும் சேர்த்தேன். எல்லோரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அப்பா பதறி எழுந்து நின்றுவிட்டார்.

வெளியே வந்ததும், “எதுக்குப் பாப்பா எல்லாரும் என்னையப் பார்த்தாங்க?” என்றார். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கேன்டீனில் டீ குடிக்கும்போது, “அதை நீ சொல்லாமயே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா உனக்குத் தெரியும்ல” என்றார்.

தேர்ச்சி பெற்றேன். அன்று வந்த நிறுவனம் ஒன்றுகூடக் கூப்பிடவில்லை. நான்கு மாதம் கழித்து, மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் அவர்கள் அதிகம் கேட்டது அந்த டப்பாவைப் பற்றித்தான்.

இதைப் படிக்கும் நீங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு தட்டில் பரப்பி, மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போங்கள். அதற்கு டப்பா வேண்டாம், டிசைன் படிப்பும் வேண்டாம். பக்கத்தில் உட்கார அரை மணி நேரம் போதும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். என் டப்பா பரணில் இருந்து இறங்கித் திண்ணைக்கு வந்திருந்தது. திறந்து பார்த்தேன். திங்கட்கிழமையில் வெண்டை, செவ்வாயில் பூசணி, புதனில் அவரை, வியாழனில் அரைக்கீரை. ஆடிப்பட்டத்துக்கு விதை எடுத்து வைத்திருந்தார்.

“இதுக்கு நல்லா இருக்குது கண்ணு” என்றார் அம்மிச்சி. “எறும்பே ஏறல.”