பெயர் சொல்லலாகாத சபை



திருத்தங்கலைச் சேர்ந்தவரும், இங்கே அமெரிக்காவில் எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவராக இருப்பவருமான இளைஞர் ஒருவர், வருஷந்தோறும் கூடுகிற தகவல் முறைமை மாநாடு ஒன்றுக்கு எழுதியனுப்பிய கட்டுரை, ஒருவராலும் வாசிக்கப்படாமலே இவ்வாரம் திரும்பி வந்துவிட்டது. தீபாவளிக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் பிடித்து, சரக்கைக் கடனுக்கு அனுப்பி, பண்டிகை கழிந்தபின் வசூலுக்குப் புறப்படுகிற சிவகாசிப் பட்டாசு வியாபாரத்தின் கணக்கு முறையை, தம் பெரியப்பாவின் பேரேட்டைக் கொண்டே அவர் விளக்கியிருந்தார். முதற்பக்கத்து அடிக்குறிப்பில் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார், அதுவே குற்றமாயிற்று.

இங்குள்ள வித்வத் சபைகளின் சம்பிரதாயம் அப்படி. எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியலாகாது. மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியலாகாது. பெயர், கல்லூரி, நன்றியுரை ஆகியவற்றை நீக்கினால் மட்டும் போதாது. கணினிக் கோப்பின் உள்விவரங்களில் ஒளிந்திருக்கும் பெயரையும் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும். தம்முடைய பழைய கட்டுரையையே மேற்கோள் காட்ட நேர்ந்தாலும், யாரோ அயலார் எழுதியதைப் போல ‘அவர் கூறுகிறார்’ என்றே எழுத வேண்டும். கூட எழுதியவர், பாடம் சொன்னவர், ஒரே ஸ்தாபனத்தில் வேலை பார்ப்பவர் ஆகியோர் அந்தக் கட்டுரையைத் தொடலாகாது என்று தனியே ஒரு ஜாபிதா வேறு. கட்டுரை அங்கீகாரம் பெற்றபின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது மெய்தான். பெயர் இருந்ததற்காகவே படிக்காமல் திருப்பினால் அங்கீகாரம் எங்கிருந்து வரும்?

மதிப்பெண்ணைப் பார்க்குமுன் ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று விசாரிக்கிற தேசத்திலிருந்து வந்த எனக்கு, இவ்விதியின் உத்தேசம் விளங்காமலில்லை. ஆயினும், சிவகாசியை எப்படி மறைப்பது? ‘தென்னிந்தியாவில், மழை குறைந்த ஒரு வட்டாரத்தில், பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் செய்கிற ஒரு நகரம்’ என்று எழுதினால், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்குமே! “பெரியப்பா பேரை எடுத்துட்டா இந்தக் கணக்கை யாரு நம்புவா, அண்ணாச்சி?” என்று தொலைபேசியில் அந்தத் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

பெயர் போட்டுக் கணக்கு வைப்பதிலோ, இச்சபைகளைவிட நம் பக்கமே மூத்தது. தகவல் முறைமைத் துறையின் தலையாய சர்வதேச மாநாடு முதன்முதலில் பிலடெல்பியாவில் கூடியது 1980-இல்தான். 2020-இல் ஹைதராபாத்தில் நடைபெற வேண்டியது, கொரோனாவினால் இணையவழிக் கூட்டமாகி, 2023 டிசம்பரில்தான் அந்நகரத்தில் நேரில் கூடிற்று. ஆனால் விருதுநகர் வியாபாரிகளோ, வந்திறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, இன்னார் கொடுத்தது இவ்வளவு என்று பேர் போட்டு வரவு வைத்து, அந்தப் பணத்தையும் வீடுதோறும் சேர்ந்த பிடியரிசியையும் கொண்டு க்ஷத்திரிய வித்யாசாலையை நடத்தி, காமராஜரைப் போன்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள். அப்பள்ளி தோன்றியது 1889-இல். உளுந்து, துவரம்பருப்பு, வத்தல், எண்ணெய் ஆகியவற்றுக்கு விருதுநகர் மார்க்கெட்டில் என்ன விலை என்பதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டே வெளியூர்க் கடைக்காரர்கள் கொள்முதல் பேசிய வழக்கத்தைத் தகவல் முறைமை என்னாமல் வேறென்ன என்பது?

வேடிக்கை இன்னொன்றும் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக வந்த பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில், அசல் எது, போலி எது என்று வாங்குவோர் கண்டுகொள்வதற்காக க்யூஆர் குறியீடு அச்சிடப்படுகிறது. ஆக, பெட்டியின்மேல் அடையாளம் இல்லையென்றால் குற்றம். அந்தப் பெட்டியைப் பற்றிய கட்டுரையில் அடையாளம் இருந்தால் குற்றம்! இவ்விரண்டில் அறிவுக்குப் பொருத்தமானது சிவகாசிப் பெட்டியின் நியாயமே என்பது என் அபிப்பிராயம்.

விருதுநகரில் 1947-இல் தோன்றிய செந்திக்குமார நாடார் கல்லூரியிலும், சிவகாசியில் 1963-இல் தோன்றிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும் வணிகவியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2017-இல் ஜிஎஸ்டி வந்தது முதல் கணக்கெல்லாம் கணினிக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது. பரணில் கிடக்கும் பேரேடுகள் பழைய பேப்பர்க் கடைக்குப் போவதற்குள், அவற்றைப் பிரதி எடுத்து, எழுதிய கணக்குப்பிள்ளையின் பெயரையும், விவரம் சொன்ன அண்ணாச்சியின் பெயரையும் போட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். அச்சுப் போட நம் பக்கத்தில் இயந்திரத்துக்கா பஞ்சம்?