எட்ட வேண்டிய உயரம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறும் சாலை காவலூரைத் தொட்டுக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் போகிறது. காவலூரில் இருப்பது வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வானத்தைப் பார்க்கும் வேலை இந்த மலையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. வானத்திலேயே வேலை பார்ப்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. சாமையும் பலாவும் தேனும் தரும் ஜவ்வாது மலையின் பழங்குடிகள் மலையாளிகள்; கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு விமானக் கேபின் குழுப் பயிற்சி தருவதாகத் தமிழ்நாடு அரசின் தாட்கோ நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், வயது 18 முதல் 23 வரை, விடுதியோடு ஆறு மாதம், ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் சான்றிதழ், கட்டணம் 95,000 ரூபாயைத் தாட்கோவே ஏற்கும். அத்திப்பட்டு ஏகலைவா பள்ளியிலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். இந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: இந்தப் பிள்ளைகளை விமானத்துக்கு வெளியே நிறுத்துவதில் பெரும்பங்கு தொழிலின் தேவைக்கு இல்லை, தேர்வறையின் பழக்கத்துக்குத்தான். ஆறு மாதப் பயிற்சியின் கை அந்தப் பழக்கம்வரை நீளாது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். விளம்பரம் காட்டுவது சிவந்த உதட்டையும் கூப்பிய கையையும் தட்டையும். நெடுந்தூர விமானத்தின் பணியாளரோ பயணி ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார். அன்றைக்கு யார் எந்தக் கதவுக்குப் பொறுப்பு என்று கூடிப் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். விமானத்துக்குள் போனதும் தீயணைப்பான், ஆக்சிஜன் உருளை, முதலுதவிப் பெட்டி, டார்ச், மெகாஃபோன் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, இருக்கைக்கு அடியில் சந்தேகத்துக்குரிய பொருள் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவைச் சாத்தியதும் அதனுள் மடித்து வைத்திருக்கும் சறுக்கியை ஆயத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எதிர்க் கதவுக்காரர் அதைச் சரிபார்ப்பார். சாப்பாட்டு வண்டி இதற்கெல்லாம் பிறகுதான் நகர்கிறது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 16 மணி நேரம். பாதிப் பேர் பயணியின் கண்ணில் படாத படுக்கையறைக்குப் போய்ப் படுக்க, மீதிப் பேர் இருட்டில் நடந்துகொண்டே இருப்பார்கள். கழிப்பறையில் புகை நாற்றம் வருகிறதா, யாருடைய பவர்பேங்க்காவது சூடேறுகிறதா, நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு வெறும் வாயுத் தொல்லைதானா, மூன்றாவது கிளாஸுக்கு மேல் கேட்பவர் சண்டைக்கு நிற்பாரா? பறக்க அனுமதி பெறுவதற்கு இவர்கள் கற்றுத் தேற வேண்டியவை தீயணைப்பு, தண்ணீரில் இறங்கித் தெப்பத்தில் ஆளேற்றுவது, நின்ற இதயத்தை அழுத்தி இயக்குவது, ஆபத்தான சரக்கை அடையாளம் காண்பது. கற்றதை அவ்வப்போது மீண்டும் தேர்வெழுதிக் காட்டவும் வேண்டும்.

இவை ஏட்டுப் படிப்பில்லை என்பதற்கு 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் நடந்ததே போதும். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. வெளியே நெருப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சன்னல் வழியே பார்த்து, எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள் கேபின் குழுவினர். உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். ஒரு விமான மாதிரிக்குச் சான்றளிக்கும்போதே, பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டச் சொல்கிறது விதி. கூச்சலுக்கு நடுவே உரத்த குரலில் தெளிவாக ஆணையிடுவது, எடை தூக்குவது, பதறாதிருப்பது, மனிதர்களின் முகத்தைப் படிப்பது: இந்தத் தொழிலுக்குத் தேவையான குணங்கள் இவைதான். தலையில் சுமையோடு மலைப்பாதையில் நடந்து வளரும் பிள்ளைகளிடம் இவற்றில் எது இல்லை?

தேர்வறை கேட்பதோ வேறு பட்டியல். அந்தப் பட்டியலின் வரலாற்றைப் பார்த்தால், அந்தந்தக் காலத்தில் ‘தொழிலின் தேவை’ என்று சொல்லப்பட்டவற்றில் எவ்வளவு வெறும் பழக்கம் என்பது விளங்கும். 1930இல் எலன் சர்ச் என்ற செவிலியரோடு அமெரிக்காவில் விமானப் பணிப்பெண்கள் வந்தபோது, அவர்கள் 5 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம் இருக்கக் கூடாது என்றார்கள், விமானம் குட்டையானது. இன்று அதே வேலைக்கு இவ்வளவுக்குக் கீழே குறையக் கூடாது என்கிறார்கள். ஏர் இந்தியாவின் விதிப்படி ஒரு பணிப்பெண் 35 வயதில், அல்லது வேலைக்குச் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் மணம் முடித்தால், அல்லது முதல் கருத்தரிப்பில் வேலையை விட வேண்டியிருந்தது. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கருத்தரிப்பு விதியை ரத்துசெய்தது. நான்கு ஆண்டு மணத்தடையை அப்படியே விட்டுவைத்தது. பிள்ளை பெற்றவளால் விமானத்தில் வேலை செய்ய முடியாது என்று அதுவரை எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பதை இன்றைய தேர்வாளர்கள் ஒரு முறை நினைத்துப்பார்க்கலாம்.

உயரத்துக்கு மட்டும் உண்மையான காரணம் உண்டு. அவசரக் கருவிகள் சில தலைக்கு மேலுள்ள பெட்டிகளில் இருக்கின்றன. கை எட்ட வேண்டும். எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் நுனிக்காலில் நின்று 212 சென்டிமீட்டர் எட்டச் சொல்வது இதற்காகத்தான். இந்தச் சோதனையை நான் ஏற்கிறேன். அதற்கு மேல் தனியாக ஓர் உயர அளவு எதற்கு? ஏர் இந்தியா பெண்களுக்குக் குறைந்தது 155 சென்டிமீட்டர் கேட்டு விளம்பரம் செய்திருக்கிறது. எமிரேட்ஸ் 160 கேட்கிறது. இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152. கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டால், தலை எதுவரை வருகிறது என்ற கேள்விக்கு வேலையில்லை. உயரம் பரம்பரையின் கணக்கு மட்டுமில்லை, தட்டில் விழுந்த சோற்றின் கணக்கும்கூட. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டின் பழங்குடிக் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றியவர்கள் 40.9 சதவீதம். தேர்வறையில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும் அந்த மூன்று சென்டிமீட்டர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பருவத்திலேயே போய்விடுகிறது.

நேர்காணல் என்ற முறையையே இன்னொரு தேர்வோடு ஒப்பிட வேண்டும். இதே ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான செய்தியை 2024இல் தமிழ்நாடே கொண்டாடியது. அவர் எழுதியது பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் தமிழ்வழி முன்னுரிமையும் உள்ள தேர்வு. தோற்றால் எதில் தோற்றோம் என்று தெரியும். அடுத்த முறை அதைச் சரிசெய்யலாம். விமான நிறுவனத்தின் நேர்காணலில் வரிசையில் நிற்பவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘தகவல் சொல்கிறோம்’ என்று அனுப்பிவிடலாம். தோற்றப் பொலிவு என்ற தலைப்பின் கீழ் பல்வரிசை, முகத் தழும்பு, கண்ணுக்குத் தெரியும் பச்சை எல்லாம் வந்துவிடுகின்றன. யாரும் எழுதாத விதியாக நிறமும் வந்துவிடும். ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை பழங்குடியினருக்கு அதில் இட ஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. சாதிச் சான்றிதழ் இன்று தாட்கோ வகுப்பறை வரைக்கும்தான் செல்லுபடியாகும், விமானக் கதவு வரை இல்லை.

மொழி பெரிய தடைதானே என்று கேட்பார்கள். ஆங்கிலம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆறு மாதத்தில் அதைத் தொடங்கலாம், முடிக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பேசப் பழக்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் ஆங்கிலத்தோடு இந்தியையும் எதிர்பார்க்கின்றன. தமிழ்வழியில் படித்த மலைப் பிள்ளைக்கு இது இரண்டாவது சுவர். ஆனால், சென்னையிலும் திருச்சியிலும் ஏறி வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளிக்கு, முதல்முறை பறக்கும் அந்த மனிதருக்கு, ஆபத்து நேரத்தில் எந்த மொழியில் சொன்னால் புரியும்? பாதுகாப்புதான் தொழிலின் சாரம் என்றால் அத்தகைய விமானங்களில் தமிழும் ஒரு தகுதி. மலைப் பழங்குடிகள் இந்த வேலைக்குப் பொருந்துவார்களா என்ற கேள்விக்கு வடகிழக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த லண்டன் விமானத்தில் உயிரிழந்த பத்துக் கேபின் பணியாளர்களில் இருவர் மணிப்பூர்ப் பெண்கள். ஒருவர் மெய்தேயி, இன்னொருவர் குக்கிப் பழங்குடி. பக்கத்தில் கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்துக் கரிம்பாலர் பழங்குடிப் பெண் ஒருவர் மாநில அரசின் உதவியோடு வயநாட்டில் பயிற்சி பெற்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் சேர்ந்தார். அங்கே இது சாத்தியமாகியிருக்கிறது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு உடல்நலத்தைப் பற்றியது. இந்த வேலை உடம்பைத் தின்னும் என்பதை நான் மறுக்கவில்லை. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் நிற்பதற்குச் சமம். ஜவ்வாது மலை அவ்வளவு உயரம் இல்லை. காற்று வறண்டது, தூக்கம் உடைந்தது, விண்கதிர்வீச்சு தரையைவிட அதிகம். அமெரிக்க விமானப் பணியாளர்கள் 5,366 பேரை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பெண் பணியாளர்களிடையே மார்பகப் புற்று 3.4 சதவீதம், பொதுமக்களில் 2.3. ஊதியத்திலும் வில்லங்கம் உண்டு. பல நிறுவனங்களில் பறக்கும் நேரத்துக்கான பணம் சக்கரம் உருண்ட பிறகுதான் கணக்கில் ஏறும். பயணியை ஏற்றி உட்கார வைக்கும் உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் 10,000 பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாக இதற்காகத்தான். ஆக, இது சொர்க்க வாசல் என்று யாரும் மலைக்குப் போய்ச் சொல்ல வேண்டாம். ஆபத்து, கூலி, உரிமை மூன்றையும் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகும் வேண்டும் என்கிற பெண்ணிடம், உன் உடம்புக்கு ஆகாது என்று நாம் முடிவெடுப்பது, 35 வயதில் வீட்டுக்கு அனுப்பிய பழைய விதியின் இன்னொரு முகம்.

பிள்ளைகளை மலையிலிருந்து பெயர்த்தெடுப்பது சரியா என்பது கடைசிக் கேள்வி. மலை ஏற்கெனவே பெயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் மேஸ்திரியின் பின்னால் வெளி மாநிலத் தோட்டங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று ஆந்திரக் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். வெளியே போவதா வேண்டாமா என்ற தேர்வு இங்கே பலருக்கு இல்லை. யாரை நம்பிப் போவது என்பதுதான் இருக்கிறது. அந்த இடத்தில் நகரத்து ஏர் ஹோஸ்டஸ் அகாடமிகளும் புது மேஸ்திரிகளாக வந்து நிற்கும். நூறு சதவீத வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குபவர்களால் எந்த விமான நிறுவனத்தின் கதவையும் திறந்துவிட முடியாது. ஆள் சேர்க்கப் பணம் வாங்குவதில்லை என்று விமான நிறுவனங்களே திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. ஒரு தவணையைக் கடன் வாங்கிக் கட்டிவிட்ட குடும்பத்துக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேருவதில்லை.

தாட்கோவிடம் மூன்று கோரிக்கைகள். விண்ணப்பம் வாங்கும்போதே கை எட்டும் அளவை ஜமுனாமரத்தூரில் வைத்து அளந்து சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் விடுதியில் கழித்த பிறகு சொல்வது அநியாயம். அரசுப் பணத்தில் பயிற்சி பெற்றவர்களை நேர்காணும் நிறுவனம், நிராகரித்த காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். அடுத்த அறிவிப்பை அச்சிடும்போது, முந்தைய ஆண்டு சான்றிதழ் வாங்கியவர்களில் எத்தனை பேர் சீருடையோடு விமானம் ஏறினார்கள் என்ற எண்ணையும், அதில் ஜவ்வாது மலைக்காரர்கள் எத்தனை பேர் என்ற எண்ணையும் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.